கூட்டத்தில் ஒருவன்: சந்தேகத்தின் பலன் யாருக்கு?

2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுதலை செய்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அந்த ஆறு பேரும் நாடோடிப் பழங்குடியினர், கூலித் தொழிலாளர்கள். 2003 ஜூன் மாதம் நாசிக் அருகே ஒரு கொய்யாத் தோட்டத்துக் குடிசையில் ஐந்து பேர் கொல்லப்பட்டு, பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டு, வீடு கொள்ளையடிக்கப்பட்ட வழக்கில் அவர்கள் சிறையில் இருந்தார்கள். 2006இல் நாசிக் அமர்வு நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பையும் ரத்து செய்து ஆறு பேருக்கும் மறுபடி தூக்கு என்றது. பத்து ஆண்டுகள் கழித்து அதே உச்ச நீதிமன்றம்தான் ஆறு பேரும் நிரபராதிகள் என்றது.

தீர்ப்பைப் படித்தால் நெஞ்சை அடைக்கும் இடம் ஒன்று உண்டு. உயிர்பிழைத்த பெண்ணிடம், சம்பவம் நடந்த சில நாட்களிலேயே, காவல்துறை தன் குற்றவாளிகள் புகைப்படத் தொகுப்பைக் காட்டியிருக்கிறது. அவர் அதிலிருந்து நால்வரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நால்வரும் இந்த ஆறு பேரில் இல்லை. அவர்கள் மீது குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணையும் இல்லை. இந்தத் தகவல் 2019இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. முதல் நாளிலிருந்தே வழக்குக் கட்டில் இருந்தது. மூன்று நீதிமன்றங்கள் அதைத் தாண்டிப் போயின.

குற்றவியல் மேல்முறையீடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் இப்படிப்பட்ட தீர்ப்புகளோடுதான் என் நாட்கள் போகின்றன. இந்த வழக்கை எங்கே பேசினாலும் 'கடைசியில் நீதி கிடைத்ததே' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினாறு ஆண்டுகள் போன பிறகு, அதில் பெரும்பகுதி தூக்குக் கொட்டடியில் போன பிறகு, கிடைத்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி வேறு: கூட்டமாகச் செய்யப்பட்ட கொலை என்று ஒரு வழக்கு வரும்போது, மேல்முறையீட்டு நீதிமன்றம் யாருடைய கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறது, யாருடைய கூட்டத்தை ஒரே உடம்பாகப் பார்க்கிறது?

அமெரிக்காவில் 'ஃபெலனி மர்டர்' என்றொரு விதி உண்டு. கொள்ளை, வீடு புகுதல் போன்ற பெருங்குற்றம் ஒன்றைச் செய்யும்போது யாராவது செத்துப்போனால், அதில் பங்கெடுத்த எல்லோரும் கொலைகாரர்கள். கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. பல மாநிலங்களில், கொன்றது யார் என்பதும்கூடப் பொருட்டில்லை. அலபாமாவில் 2015இல் வீடு புகுந்து திருடிய சிறுவர்களில் ஒருவனைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. சுட்ட காவலர் மீது வழக்கில்லை. செத்தவனின் நண்பன், அப்போது 15 வயதுக் கறுப்பினச் சிறுவன், தன் நண்பனைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டான். எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்து 2018இல் விதிக்கப்பட்டது 65 ஆண்டுகள். பின்னர் அது குறைக்கப்பட்டது.

இந்த விதியின் தாய்வீடான இங்கிலாந்து 1957லேயே அதைக் கைவிட்டது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1980இல் ஒழித்தது. இண்டியானாவில் ஆயுதமில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்த இளைஞர்களில் ஒருவனை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். மிஞ்சியவர்கள் கொலைக் குற்றத்தில் ஐம்பது ஆண்டு அளவில் தண்டனை பெற்றார்கள். 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைத் தண்டனையை ரத்து செய்து, வீடு புகுந்த குற்றமாகக் குறைத்தது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 2018இல் இயற்றப்பட்ட சட்டம் விதியைச் சுருக்கியதோடு நிற்காமல், ஏற்கெனவே பழைய விதியில் தண்டிக்கப்பட்டவர்களும் தங்களைத் தண்டித்த நீதிமன்றத்துக்கே மனுப் போட்டு மறு தண்டனை கேட்க வழி செய்தது. மேல்முறையீட்டுக் கதவுகள் எல்லாம் மூடிய பிறகும் திறந்திருக்கிற கதவு அது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள் தெருவில் நின்று வாங்கியதும் அதில் சேர்த்தி.

இங்கிலாந்தின் கதையை முழு வெற்றியாகச் சொல்லிவிடவும் முடியாது. அங்கே 'ஜாயிண்ட் எண்டர்பிரைஸ்' என்ற பெயரில் அதே பூதம் வேறு வாசல் வழியாக வந்தது. கூட வந்தவன் கொல்லக்கூடும் என்று முன்கூட்டி உணர்ந்திருந்தாலே போதும், நீயும் கொலைகாரன் என்றார்கள். கறுப்பின இளைஞர்களை 'கேங்' என்று முத்திரை குத்தி மொத்தமாக உள்ளே தள்ள அது வசதியாக இருந்தது. 2016இல் ஜோகி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முப்பது ஆண்டுகளாகச் சட்டம் தவறான பாதையில் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தவறான சட்டத்தில் உள்ளே போனவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், தங்களுக்குக் கணிசமான அநீதி நேர்ந்தது என்று தாங்களே நிரூபிக்க வேண்டும். அந்த வாசலில் நுழைந்து வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே. தவறு நீதிமன்றத்துடையது, நிரூபிக்கும் சுமை கைதியுடையது!

நம் நாட்டுக்கு வருவோம். ஃபெலனி மர்டர் இந்தியாவில் இல்லை என்றுதான் சட்டக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். பாதி உண்மை. 1837இல் தண்டனைச் சட்ட வரைவை எழுதிய மெக்காலே அந்த விதியை வெளிப்படையாக எதிர்த்தவர். ஒருவன் பிக்பாக்கெட் அடிக்கிறான், அந்தப் பையில் இருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்து அதன் சொந்தக்காரர் சாகிறார் என்று வையுங்கள். நூறு பிக்பாக்கெட்காரர்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டு இந்த ஒருவனை மட்டும் தூக்கில் போடுவது என்ன நியாயம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். மெக்காலேயைப் பிடிக்காதவர்களும் இதை மறுக்க முடியாது.

ஆனால் 1860இல் நிறைவேறிய சட்டத்தில் 396ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து கூட்டுக் கொள்ளையில் ஈடுபடும்போது அவர்களில் ஒருவர் கொலை செய்தால், அத்தனை பேருக்கும் தூக்குவரை தண்டனை. கொன்றவனுக்கும் வாசலில் நின்றவனுக்கும் ஒரே பிரிவு. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 310(3) ஆகியிருக்கிறது. பழைய சட்டத்தில் பத்து ஆண்டுக்கு உட்பட்டு எவ்வளவு குறைவாகவும் தண்டிக்க நீதிபதிக்கு இடம் இருந்தது. புதிய சட்டத்தில் பத்து ஆண்டு என்பது குறைந்தபட்சம் ஆகிவிட்டது. காலனியச் சட்டங்களை ஒழித்துவிட்டோம் என்று நாடாளுமன்றத்தில் மேசை தட்டியவர்கள் இந்த வரியைப் படித்திருப்பார்களா?

இங்கிலாந்துக்காரன் தன் நாட்டில் பின்னால் கைவிட்ட ஒன்றை இந்தியாவில் கொள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கமாக வைத்தான்? 'டெகாயிட்' என்ற சொல்லுக்கு அவன் மனதில் ஒரு சாதி முகம் இருந்தது. கொள்ளை பரம்பரைத் தொழில், இரத்தத்தில் ஊறியது என்று நம்பித்தான் 1871இல் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்தான். அந்த நம்பிக்கைக்குத் தத்துவம் கடன் கொடுத்தது நம்மூர் வர்ண ஒழுங்குதான். தொழிலைப் பிறப்போடு கட்டுவது வெள்ளைக்காரனின் கண்டுபிடிப்பு இல்லை. சட்டம் 1952இல் போனது. காவல் நிலையத்தின் மூளையிலிருந்து அது போகவில்லை. ஒரு பெருந்திருட்டு நடந்தால் முதலில் எந்தக் குடியிருப்புக்கு ஜீப் போகிறது என்று எந்தக் குறவர் குடும்பத்தையும் கேளுங்கள். 'ஜெய் பீம்' படத்துக்குப் பின்னால் இருக்கும் 1993ஆம் ஆண்டுச் சம்பவம் அப்படித்தான் தொடங்கியது.

இந்தப் பின்னணியில் நாசிக் வழக்கின் 2019 தீர்ப்பில் ஒரு வாசகம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சமூகத்தின் அடித்தட்டைச் சேர்ந்த நாடோடிப் பழங்குடியினர், மிகவும் ஏழைத் தொழிலாளர்கள். எனவே பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். இந்தியக் குற்றவியல் தீர்ப்புகளில் இது அரிதான வாக்கியம். பிறப்பும் வறுமையும் வழக்கமாகச் சந்தேகத்தை ஒருவன் மீது திருப்பும். இங்கே ஒரே ஒரு முறை, அரசுத் தரப்பு மீது திருப்பியது.

அந்த வாக்கியம் எழுதப்படுவதற்கு எத்தனை தற்செயல்கள் வேண்டியிருந்தன என்று பாருங்கள். 2009 தீர்ப்பு நம்பிய ஒரு முன்தீர்ப்பு சட்டப்படி தவறானது என்று அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொன்னது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர், இப்படிப் பிழையான தீர்ப்புகளால் தூக்கு விதிக்கப்பட்ட பதின்மூன்று பேரின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பதின்மூன்றில் இந்த ஆறு பேரும் இருந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது சிறார் என்பது அதே ஆண்டில்தான் உறுதியானது. தூக்கு வழக்குகளில் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாக விசாரிக்க வேண்டும் என்று 2014இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு சீராய்வு என்பது நீதிபதிகளின் அறைக்குள் காகிதம் புரட்டி முடிக்கப்படும் சடங்கு. கடைசியாக 2018இல், ஆயுளைத் தூக்காக உயர்த்தும்போது சம்பந்தப்பட்ட மூவருக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று கண்டு 2009 தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் இன்று நாம் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கையின்படி, தூக்குக் கைதிகளில் 76 சதவீதம் பேர் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி, மதச் சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இந்த எண்ணை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. அவர்களின் மேல்முறையீட்டை யார் நடத்துகிறார்கள், கட்டணம் எவ்வளவு, வழக்குக் கட்டை எத்தனை நாள் படித்தார்கள் என்று கேட்பதுதான் கடினம். அனோகிலால் வழக்கில் 2019 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், தூக்கு விதிக்க வாய்ப்புள்ள வழக்குகளில் சட்ட உதவி வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும், தயாரிக்கக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. ஏழு நாள்! ஒரு மனிதனைத் தூக்கிலிருந்து காக்க ஏழு நாளாவது கொடுங்கள் என்று சொல்வதற்கு எழுபது ஆண்டுக் குடியரசு தேவைப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது நமக்கு எளிதான பாதி. இனி வருவதுதான் நம் இயக்கங்களுக்குள் பேசத் தயங்குகிற பாதி.

கூட்டத்தின் குற்றத்துக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்ற அதே கோட்பாடு இல்லாவிட்டால், சாதிப் படுகொலைகளில் ஒருவரைக்கூடத் தண்டிக்க முடியாது. நூறு பேர் சேரிக்குள் புகுந்து வெட்டும்போது யார் வெட்டு யாரைக் கொன்றது என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? அதற்காகத்தான் 149ஆம் பிரிவு. பொது நோக்கத்தோடு கூடிய சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தவர் ஒவ்வொருவரும் அந்த நோக்கத்தில் நடந்த குற்றத்துக்குப் பொறுப்பு. 1964இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒருவரை முரணில்லாமல் அடையாளம் காட்டினால் தண்டிக்கலாம் என்ற அளவுகோலை ஏற்றது. எச்சரிக்கையான அளவுகோல். நியாயமானதும்கூட.

இந்த அளவுகோல் மேல்முறையீட்டில் என்ன ஆகிறது? 1996 ஜூலையில் பீகாரின் பதானி டோலாவில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2010இல் ஆரா நீதிமன்றம் 23 பேரைத் தண்டித்தது. 2012 ஏப்ரலில் பாட்னா உயர் நீதிமன்றம் 23 பேரையும் விடுவித்தது. லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் முதல் நாள் இரவு 58 பேர். 2010இல் 16 பேருக்குத் தூக்கு, 10 பேருக்கு ஆயுள். 2013 அக்டோபரில் 26 பேரும் விடுதலை. ஆந்திரத்தின் சுண்டூரில் 1991இல் எட்டுத் தலித்துகள் வெட்டப்பட்டு மூட்டை கட்டி வாய்க்காலில் வீசப்பட்டார்கள். போராடி, அந்த ஊரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைக்கவைத்து, 2007இல் 21 பேருக்கு ஆயுள் வாங்கினார்கள். 2014இல் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

ஒளிந்திருந்து பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை நம்ப முடியாது, அத்தனை பேரின் பெயரையும் எப்படி நினைவில் வைத்திருக்க முடியும், புகாரில் தாமதம் என்பவை இத்தகைய விடுதலைத் தீர்ப்புகளின் வழக்கமான பல்லவிகள். ஒளிந்திருக்காத சாட்சி பிணமாகியிருப்பார் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாதா? நமக்கு இதன் முதல் பாடம் கீழ்வெண்மணியிலேயே கிடைத்துவிட்டது. 1968இல் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, நிலபுலனும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் எழுதியது. கொய்யாத் தோட்டத்து வழக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் வைத்திருப்பது ஒருவருக்குச் சந்தேகத்தின் பலனாகிறது. ஊர் ஊராகக் கூலி தேடி அலைவது இன்னொருவருக்குச் சாட்சியமாகிறது.

இதற்கு நேர் எதிரில் பாரா வழக்கு இருக்கிறது. 1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாராவில் மாவோயிஸ்ட் அமைப்பொன்று பூமிகார் சாதியினர் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொடூரமான படுகொலை, அதை நியாயப்படுத்த ஒரு சொல்லும் எழுத மாட்டேன். அதில் நால்வருக்குத் தூக்கு. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. தடாவில் உயர் நீதிமன்றம் கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம்தான். அதாவது பதானி டோலாவிலும் பாத்தேயிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்த அந்த ஒரு படி, பாரா கைதிகளுக்குச் சட்டப்படியே இல்லை. 2002 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். மாறுபட்ட தீர்ப்பு ஒன்று இருக்கும்போதே இருவர் தீர்ப்பால் தூக்கு உறுதியானது. 2017இல் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைக்கும்வரை அவர்கள் கயிற்றின் நிழலில் இருந்தார்கள். ஒரே மாநிலம், ஒரே பத்தாண்டு, கூட்டக் கொலை என்ற ஒரே வகைக் குற்றம். ஒரு தரப்புக்கு ரன்வீர் சேனாவின் பெயரைச் சொன்னாலும் சாதாரணக் கொலைச் சட்டம், இன்னொரு தரப்புக்குப் பயங்கரவாதச் சட்டம்.

ஆகவே '149ஐ இன்னும் கடுமையாக்கு', 'சாதிக் கொலைக்கு மேல்முறையீடே கூடாது' என்று முழங்கும் தோழர்களோடு நான் உடன்படவில்லை. மேல்முறையீட்டு உரிமையில் எந்த ஓட்டை போட்டாலும் முதலில் விழுகிறவர்கள் நம் ஆட்கள். புதிய சட்டத்தின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணங்களால் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் என்கிறது. (பட்டியலில் மதம் என்ற சொல்லை மட்டும் காணோம். மறந்துபோய் விட்டிருப்பார்கள்.) இதைச் சாதி ஒழிப்புச் சட்டம்போல் கொண்டாடியவர்கள் உண்டு. ஒரு ஊரில் தாக்குதல் நடக்கிறது, சேரி மக்கள் திருப்பித் தாக்குகிறார்கள், அந்தப் பக்கம் ஒருவர் சாகிறார் என்று வையுங்கள். அதே பிரிவில் சேரி இளைஞர்கள் இருபது பேரை உள்ளே வைக்க ஒரு ஆய்வாளருக்கு எவ்வளவு நேரமாகும்? எதிர்வழக்குப் போடுவதில் நம் காவல்துறைக்கு இருக்கும் பயிற்சி உலகறிந்தது.

தூக்குக் கேட்பதும் அப்படித்தான். உடுமலை சங்கர் கொலையில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது இனிப்புக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் சதி நிரூபிக்கப்படவில்லை என்று கௌசல்யாவின் தந்தை முழுமையாக விடுதலையானார். ஐவரின் தூக்கு ஆயுளானது. கீழமை நீதிமன்றத் தீர்ப்பு பாதி வழிதான். தூக்கு விதிக்கப்பட்ட வழக்கு தானாகவே உயர் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தலுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சாட்சியமும் பூதக்கண்ணாடியின் கீழ் வைக்கப்படும். அப்படி வைக்கப்படுவது சரியும்கூட. வைத்தாலும் நிற்கும் அளவுக்கு வழக்கைக் கட்டினோமா என்பதுதான் விஷயம்.

நின்ற வழக்குகள் நம்மிடமே இருக்கின்றன. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் கொல்லப்பட்ட வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் விதிக்கப்பட்டது. அது 2006இல் உயர் நீதிமன்றத்திலும் 2009இல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. (அந்த 17 பேரில் 13 பேரை 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி அரசு வெளியே அனுப்பியது. நீதிமன்றங்கள் மூன்றும் பிரிக்காத கூட்டத்தை ஒரு அரசாணை கரைத்தது. அதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.) கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆனாலும் கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும், தாய் சித்ராவின் பிடிவாதமும், சிறப்பு அரசு வழக்கறிஞர் ப.பா. மோகனின் உழைப்பும் 2022 தீர்ப்பை 2023இல் உயர் நீதிமன்றத்திலும் நிறுத்தின. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் இருவரும் திருச்செங்கோட்டுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். கண்ணகி முருகேசன் வழக்கு 2003இல் தொடங்கி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகளின் தண்டனையும் உறுதியானது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆனாலும் நின்றது.

இந்த வழக்குகளில் நான் கவனித்த ஒன்று, மேல்முறையீடு விசாரணை நீதிமன்றத்திலேயே வென்றுவிடுகிறது அல்லது தோற்றுவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் பெயர் எழுதப்படும் அந்த முதல் இரவில், அடையாள அணிவகுப்பு நடத்தும் விதத்தில், குறுக்கு விசாரணையில் சாட்சி சொல்லும் ஒரு தடுமாற்றத்தில். ஐந்து வருடம் கழித்து உயர் நீதிமன்ற நீதிபதி பார்ப்பது அந்தத் தாளைத்தான், அந்தத் தாயை அல்ல. நாசிக் ஆறு பேரைக் காப்பாற்றியதும் தாள்தான். அந்தப் புகைப்பட அடையாளம் பதிவாகியிருந்ததால்தான் பதினாறு ஆண்டு கழித்தாவது ஒருவர் கண்ணில் பட்டது.

சட்டத்தில் நமக்கு இருக்கும் ஆயுதங்களை நாம் முழுதாக எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009 கடைசி நாள்வரை, விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டுக் கதவின் சாவி பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது; அரசு தூங்கினால் முடிந்தது கதை. இப்போது பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15A பிரிவு, பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 14A பிரிவின்படி சிறப்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை 90 நாளில் போட வேண்டும். கூடியவரை மூன்று மாதத்தில் அதை முடிக்க வேண்டும். இரண்டாவது கெடு எழுத்தில் இருக்கிறது. முதல் கெடு மட்டும் நம் ஆட்கள் மீது துல்லியமாக விழுகிறது. தீர்ப்பு நகலுக்கு மனுப் போடத் தெரியாமல், வழக்கறிஞர் வேறு ஊரில் இருந்து, நாட்கள் ஓடிவிடுகின்றன.

கலிபோர்னியாவைப் போல, 310(3)இலும் பழைய 396இலும் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருப்பவர்களில், தன் கையால் கொல்லாதவர்கள், கொல்லும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படாதவர்கள் மறு தண்டனை கேட்க ஒரு வழி வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நாடாளுமன்றம் நாளைக்கே செய்துவிடாது என்பது தெரியும். மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சிறைவாரியாக அந்தப் பிரிவில் இருப்பவர்கள் யார், எந்தச் சமூகம், அவர்களின் மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுத்து வெளியிட நாடாளுமன்றம் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மனு நாமே போடலாம்.

அதற்கு முன்பு, வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் ஒவ்வொரு அமைப்பும் தன் அலுவலகச் சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டட்டும். தீர்ப்பு வந்த நாளைக் குறித்து, அன்று மாலையே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, சாட்சி வாக்குமூலங்களின் நகல்களையும் சேர்த்து வாங்கி, உயர் நீதிமன்றத்தில் வாதாடப் போகிறவரிடம் முப்பதாவது நாளுக்குள் கட்டைக் கொடுத்துவிட வேண்டும். எஞ்சிய அறுபது நாள் அவர் படிப்பதற்கு.